காலேஜ் பேஸ்பால் கேம்ப் மெயில்கள்: காசு கட்டிப் போகலாமா, வேண்டாமா?

எடிசன்அப்பா

எல்லோருக்கும் வணக்கம். பையன் சோஃபோமோர் (பத்தாம் வகுப்பு), 2028ல் ஹைஸ்கூல் முடிக்கிறான். வலதுகை பிட்சர், பந்து போடாத ஆட்டங்களில் தேர்ட் பேஸ். 5 அடி 10 அங்குலம், ஃபாஸ்ட்பால் 80, 81 மைல் வருகிறது, சேஞ்சப் (வேகம் குறைத்து ஏமாற்றும் பந்து) நன்றாக இருக்கிறது என்று டிராவல் டீம் (பள்ளிக்கு வெளியே ஆடும் அணி) கோச் சொல்கிறார். படிப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

போன கோடையில் ஒரு ஷோகேஸில் (கல்லூரி கோச்சுகள் பார்ப்பதற்காக வைக்கும் ஆட்டம்) ஆடினான். அன்றிலிருந்து, எங்கள் வளாகத்தில் நடக்கும் கேம்புக்கு வா என்று கல்லூரிகளிலிருந்து மெயில் மேல் மெயில். "எங்கள் கோச்சிங் ஸ்டாஃப் உங்களை நேரில் காண ஆவலாக இருக்கிறது", "அழைக்கப்பட்ட சிலருக்கு மட்டும்", "இடங்கள் வேகமாக நிரம்புகின்றன". ஒருநாள் கேம்புக்கு 175லிருந்து 300 டாலர் வரை கேட்கிறார்கள், அதில் பாதி கல்லூரிகளுக்கு ஃப்ளைட் ஏறித்தான் போக வேண்டும். பையன் ஒவ்வொரு மெயிலையும் டிராவல் டீம் குரூப்பில் போட்டுப் பெருமைப்பட்டுக் கொள்கிறான். ஊரிலிருந்து வந்திருக்கும் என் அப்பா, "நம்ம பையன் பந்து போட்டுக் காட்டுறதுக்கு நாமளே ஏன்டா காசு குடுக்கணும்?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. போய் வந்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்.

பிளானோபெஞ்ச்

பெரியவர் கேட்டதுதான் சரி. விளம்பரம் சார் அது, வேறொன்றும் இல்லை. எங்கள் வீட்டில் பெரியவனுக்கும் சின்னவனுக்கும் ஒரே கல்லூரியிலிருந்து ஒரே வாசகம், பெயர் மட்டும் மாற்றி. சின்னவன் அப்போது பேஸ்பாலையே விட்டுவிட்டு டென்னிஸ் ஆடிக் கொண்டிருந்தான்.

கேட்சர்வீட்டம்மா

பிளானோ சார் சொல்வது பாதி சரி. மீதிப் பாதி புரிய வேண்டுமென்றால் விதியைப் பார்க்க வேண்டும்.

டிவிஷன் 1 (டி1, கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏ அமைப்பின் மேல்மட்டப் பிரிவு) பேஸ்பால் கோச், பையனுடைய ஜூனியர் வருடத்துக்கு (பதினொன்றாம் வகுப்பு) முந்தைய ஆகஸ்ட் 1 வரை அவனுக்குப் போன் செய்யக்கூடாது, டெக்ஸ்ட் அனுப்பக்கூடாது, "உன்னை எங்களுக்குப் பிடித்திருக்கிறது" என்று மெயில் போடவும் கூடாது. ஆனால் கேம்ப் அறிவிப்பும் கேள்விப் படிவமும் எப்போது வேண்டுமானாலும் அனுப்பலாம். விளைவு என்ன? உங்கள் பையன்மேல் நிஜமாகவே கண் வைத்திருக்கிற கோச்சும் இப்போதைக்கு கேம்ப் மெயில்தான் அனுப்ப முடியும், அவன் பெயரைக்கூடக் கேள்விப்படாத கோச்சும் அதே மெயிலைத்தான் அனுப்புகிறார். மெயிலை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது.

அப்புறம் அந்த "அழைக்கப்பட்டவர்களுக்கு மட்டும்". என்சிஏஏ விதிப்படி கல்லூரி கேம்ப் எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும். வயது, வகுப்பு, ஆள் எண்ணிக்கை என்று வரம்பு வைக்கலாமே தவிர, "இவன் நன்றாக ஆடுகிறான், இவனை மட்டும் சேர்" என்று செய்ய முடியாது. அந்த மெயில் வராத பக்கத்து வீட்டுப் பையனும் கார்டு நம்பர் போட்டால் உள்ளே வரலாம்.

பெரியவர் கேள்விக்கும் விதியிலேயே பதில் இருக்கிறது. ஒன்பதாம் வகுப்பு தொடங்கிவிட்ட ஆட்டக்காரனுக்கு இலவசமாகவோ தள்ளுபடியிலோ கேம்ப் கொடுக்கக்கூடாது. கல்லூரி தலைகீழாக நின்று விரும்புகிற பையனும் காசு கட்டித்தான் வருவான். அதனால் காசு கேட்கிறார்களே என்பதை மட்டும் வைத்து ஏமாற்று வேலை என்று சொல்ல மாட்டேன்.

ராலேமாமா

அம்மா விதியைச் சொல்லிவிட்டார், நான் காசைப் பற்றிச் சொல்கிறேன்.

பல இடங்களில் கேம்ப் கல்லூரியின் பெயரில் விளம்பரமானாலும் நடத்துவது கோச்சின் சொந்த நிறுவனம். பதிவுப் பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் எழுதியிருக்கும், படித்துப் பாருங்கள். 2023 வரை டிவிஷன் 1 பேஸ்பாலில் வாலண்டியர் அசிஸ்டென்ட் என்று ஒரு பதவி இருந்தது. முழுநேர வேலை, ஆனால் கல்லூரி சம்பளம் தரக்கூடாது. அப்படிப்பட்டவர்களில் பலருக்குக் கேம்ப் வருமானம்தான் சோறு போட்டது. இப்போது சம்பளம் தரலாம் என்று விதி மாறிவிட்டது, கேம்ப் மெயில் மட்டும் குறைந்தபாடில்லை. ஒரு பேச்சுக்கு 120 பையன்கள், ஆளுக்கு 200 டாலர் என்று வைத்துக் கொள்ளுங்கள், ஒரே நாளில் 24,000. மைதானம் சொந்தம், வேலைக்கு அணிப் பையன்கள். யார்தான் விடுவார்கள்? அதை நான் தப்பென்று சொல்லவில்லை, ஆனால் 120 பேரையும் அணியில் சேர்ப்பதற்காகக் கூப்பிடவில்லை என்பது தெளிவாக இருக்கட்டும்.

இடம் எத்தனை என்று பாருங்கள். அமெரிக்க ஹைஸ்கூல்களில் பேஸ்பால் ஆடுகிறவர்கள் ஐந்து லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. டிவிஷன் 1ல் மொத்தமே சுமார் 300 அணிகள். ஆட்டக்காரர்கள் என்சிஏஏ மேல் போட்ட ஹவுஸ் வழக்கு 2025ல் சமரசமான பிறகு, அதில் சேர்ந்த கல்லூரிகள் ஓர் அணிக்கு 34 பேர்தான் வைத்துக் கொள்ளலாம், முன்பு 40 வரை இருந்தது. ஓர் அணிக்கு மொத்தம் 11.7 ஸ்காலர்ஷிப், அதைப் பல பேருக்குத் துண்டு போடு என்ற பழைய கணக்கு ஒழிந்தது, இனி 34 பேருக்கும் கொடுக்கலாம், சந்தோஷம். ஆனால் அந்த 34லும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் (கல்லூரி மாற விரும்பும் ஆட்டக்காரர்கள் பெயர் கொடுக்கும் பட்டியல்) வழியாக 21, 22 வயது ஆட்கள் வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். கோச்சின் வேலை அடுத்த வருடம் ஜெயித்தால்தான் நிற்கும். நான்கு வருடம் வளர்க்க வேண்டிய பையனா, இன்றைக்கே மீசை முளைத்துத் தாடியும் வந்தவனா என்றால் அவர் யாரை எடுப்பார்?

எடிசன் தம்பி, கோபித்துக் கொள்ளாதீர்கள். வலதுகை பிட்சர் என்றால் டி1ல் 88, 90 என்றுதான் பேச்சையே தொடங்குகிறார்கள். உங்கள் பையனுக்கு இன்னும் வளர வயதிருக்கிறது. ஆனால் இன்றைய 81ஐ வைத்துப் பெரிய கல்லூரி கேம்புக்குப் போவது அந்தக் கோச்சுக்கு நீங்கள் கொடுக்கும் நன்கொடை.

எடிசன்அப்பா

கோபம் ஒன்றும் இல்லை மாமா, கொஞ்சம் கசக்கிறது, அவ்வளவுதான். சரி, அப்படியென்றால் உண்மையான அழைப்பு என்று எதை வைத்துச் சொல்வது? டி3 (டிவிஷன் 3) கல்லூரிகளிலிருந்தும் நிறைய வருகிறதே.

கேட்சர்வீட்டம்மா

டி3 என்றால் கண்டுபிடிப்பது சுலபம். நான் மேலே சொன்ன ஆகஸ்ட் 1 தடை அவர்களுக்குக் கிடையாது. டி3 கோச் நினைத்தால் சோஃபோமோருக்கு இன்றைக்கே மெயில் எழுதலாம், போன் போட்டுப் பேசலாம். பேச முடிகிறவர் பேசாமல் பொது மெயில் மட்டும் அனுப்புகிறார் என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. தபாலில் வரும் கல்யாணப் பத்திரிகையும் வீட்டுக்கு வந்து தட்டில் வைத்துக் கொடுக்கும் பத்திரிகையும் ஒன்றா?

பையனைவிட்டே பதில் எழுதச் சொல்லுங்கள் (அப்பா எழுதக்கூடாது, கோச்சுகளுக்கு அது பிடிப்பதே இல்லை). "2028க்கு வலதுகை பிட்சர் தேடுகிறீர்களா, இதோ என் வீடியோ, உங்கள் கேம்புக்கு வந்தால் பிட்சிங் கோச் இருப்பாரா" என்று இரண்டு மூன்று வரி போதும். டி3 கோச்சுக்கு ஆர்வம் இருந்தால் வீடியோவில் பார்த்த ஏதாவது ஒன்றைக் குறிப்பிட்டுப் பதில் வரும். "கேம்பில் சந்திப்போம்!" என்று ஆச்சரியக்குறியோடு ஒற்றை வரி வந்தால் விட்டுவிடுங்கள். டி1 கோச் இப்போது உங்களுக்குப் பதில் போட முடியாது, அங்கே டிராவல் கோச்சை விட்டுப் போன் செய்யச் சொல்லுங்கள். "எங்கள் பையனைப் பார்த்திருக்கிறீர்களா?" என்று கேட்டால் எதிர்முனையில் வரும் தொனியே போதும்.

இன்னொரு வேலை, அந்த அணியின் ரோஸ்டரை (ஆட்டக்காரர் பட்டியலை) திறந்து பிட்சர்களை எண்ணுங்கள். 2028ல் எத்தனை பேர் படிப்பு முடித்துப் போகிறார்கள், புதிதாக வந்தவர்களில் எத்தனை பேர் ஹைஸ்கூலிலிருந்து நேராக வந்தவர்கள், எத்தனை பேர் வேறு கல்லூரியிலிருந்து மாறியவர்கள் என்று ரோஸ்டரிலேயே இருக்கும். ஒரு சாயங்கால வேலை, செலவு இல்லை.

பேஏரியாகுளிர்

எல்லோரும் சேர்ந்து கேம்பையே குழிதோண்டிப் புதைத்துவிடுவீர்கள் போலிருக்கிறது. எதிர்ப்பக்கமும் ஒருவர் பேசட்டும்.

அக்டோபர் நடுவிலிருந்து பிப்ரவரி கடைசி வரை டி1 கோச்சுகள் வெளியே போய்ப் பையன்களைப் பார்க்க முடியாத காலம். ஆட்டக்காரன் அவர்கள் வளாகத்துக்கு வந்தால்தான் உண்டு. மார்ச் வந்தால் அவர்களுக்கே சீசன், வாரக் கடைசி முழுக்க ஆட்டம். ஆக ஒரு கோச் பையனை நிதானமாக நேரில் பார்க்க வழி கோடைக்கால ஆட்டம் அல்லது கேம்ப். கோடையில் ஒரே நேரத்தில் எட்டு மைதானத்தில் ஆட்டம் நடக்கும்போது உங்கள் பையன் பந்து போடுகிற அந்த இரண்டு இன்னிங்ஸுக்குக் கோச் சரியாக அங்கே வருவார் என்று என்ன நிச்சயம்?

ஆனால் கேம்பில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டு போங்கள். காலையில் பதிவு மேஜையில் நம்பர் போட்ட மேல்சட்டை கொடுப்பார்கள், அன்று முழுக்க உங்கள் பையனுக்குப் பெயர் கிடையாது, நம்பர்தான். முதலில் 60 யார்ட் ஓட்டம், இரண்டிரண்டு பேராக. பிறகு இன்ஃபீல்டர்கள் எல்லோரையும் ஷார்ட்ஸ்டாப் இடத்தில் நிறுத்தி ஃபர்ஸ்ட் பேஸுக்கு எறியச் சொல்வார்கள், ரேடார் கன் பிடித்து ஒருவர் நிற்பார். கேட்சர்களுக்குப் பாப் டைம் (பந்தைப் பிடித்து எறிந்து அது செகண்ட் பேஸ் சேரும் நேரம்), 2 வினாடிக்குப் பக்கத்தில் வந்தால்தான் தலை தூக்கிப் பார்ப்பார்கள். பிட்சருக்கு புல்பென்னில் (பிட்சர்கள் போட்டுப் பழகும் இடம்) இருபது சொச்சம் பந்து, முன்னால் தரையில் பந்தின் வேகத்தையும் சுழற்சியையும் அளக்கும் ராப்சோடோ கருவி. மதியம் ஆட்டம். நேரத்தை மிச்சம் பிடிக்க ஒவ்வொரு பேட்டருக்கும் 1-1 கவுன்ட்டிலிருந்து (ஒரு பால், ஒரு ஸ்ட்ரைக் ஏற்கெனவே ஆனதாக வைத்து) ஆரம்பிப்பார்கள், அதனால் பந்தை மூலைக்குப் போட்டுச் சோதித்து விளையாடுகிற பிட்சர் அங்கே திணறிப் போவான், முதல் பந்திலிருந்தே ஸ்ட்ரைக் போடுகிறவன் ஜொலிப்பான். எடிசன் சார், உங்கள் பையனுக்கு இதைச் சொல்லி வையுங்கள்.

நாங்கள் போன ஓர் இடத்தில் (பெயர் வேண்டாம்) தலைமை கோச் காலையில் பத்து நிமிடம் அருமையாகப் பேசினார், அதோடு சரி, சாயங்காலம்வரை ஆளைக் காணோம். பந்து உருட்டிக் கொடுத்தது, நேரம் குறித்தது எல்லாம் அணி மாணவர்கள். பிட்சிங் கோச் மட்டும் புல்பென் வேலியில் சாய்ந்து நின்றார். பெரும்பாலான பையன்கள் போடும்போது பக்கத்தில் இருந்தவரோடு பேசிக் கொண்டிருந்தார், நான்கைந்து நம்பர் வந்தபோது மட்டும் பேச்சை நிறுத்திவிட்டு பிட்சருக்கு நேர் பின்னால் போய் நின்றார். அந்த நம்பர்கள் அவர் கையிலிருந்த தாளில் முன்பே வட்டம் போட்டிருந்தன. நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றதால் தாள் நன்றாகவே தெரிந்தது.

ஆகவே என் கட்சி இதுதான்: அந்த வட்டத்துக்குள் நம்பர் வர வேண்டிய வேலையைக் கேம்புக்கு முன்னாலேயே செய்தால் கேம்ப் காசுக்கு மோசமில்லை. என் பையன் பிறகு கமிட் செய்த (சேர்கிறேன் என்று வாக்குக் கொடுத்த) கல்லூரியும் கேம்பில் பார்த்துத்தான் எடுத்தது, ஆனால் அவர்கள் கோடையிலேயே அவனை இரண்டு தடவை பார்த்திருந்தார்கள்.

பிளானோபெஞ்ச்

அப்போ கேம்பில் எடுக்கவில்லையே, கோடையில் எடுத்துவிட்டு கேம்பில் காசு வாங்கிக் கொண்டார்கள் 😀

பேஏரியாகுளிர்

சிரியுங்கள். கடைசிச் சந்தேகத்தைத் தீர்த்துக் கொள்ள ஒரு நாள் முழுக்கப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். தவறு செய்தால் தலையைத் தொங்கப் போடுகிறானா, கேட்சரோடு எப்படிப் பேசுகிறான் என்பதெல்லாம் ஷோகேஸ் வீடியோவில் தெரியாது.

ஸ்கார்பரோவாசி

எங்களுக்கு இந்தக் கணக்கு இன்னும் கடினம். கனேடிய டொலரில் சம்பளம், அமெரிக்க டொலரில் கேம்ப், அதோடு விமானம், ஹோட்டல், வாடகைக் கார். ஒரு வாரக் கடைசிக்கு ஒரு மாத வீட்டுச் சாமான் காசு போய்விடும். நாங்கள் கேம்புக்குப் போகவில்லை. பிள்ளையின் பயிற்சியாளர் வீடியோவை ஜூனியர் கொலிஜ் (இரண்டு வருடக் கல்லூரி) பயிற்சியாளர்களுக்கு அனுப்பி, அவர்களோடு கதைத்து, அணி அமெரிக்காவுக்கு ஆடப் போன நேரம் வந்து பார்க்கச் செய்தார். ஜூனியர் கொலிஜ் என்றால் எங்கட ஆட்களுக்கு ஒரு இளக்காரம் இருக்கிறது, தெரியும். ஆனால் அங்கே முதல் பிரிவு அணி ஒன்றுக்கு 24 ஸ்கொலர்ஷிப் வரை கொடுக்கலாம், முதல் வருடமே ஆட்டம் கிடைக்கும், இரண்டு வருடத்தில் உடம்பும் வேகமும் வந்த பிறகு பெரிய இடங்கள் தாங்களாகவே தேடி வரும். போர்ட்டல் ஆட்களைத்தான் எடுக்கிறார்கள் என்று மாமா சொன்னாரே, அந்த வரிசையில் நிற்க இதுவும் ஒரு வழி.

எடிசன்பிசியோ

ஒருவரும் கையைப் பற்றிப் பேசவில்லையே! நான் பிசியோதெரபிஸ்ட், இந்த வயதுப் பையன்களின் முழங்கையைத் தினமும் பார்க்கிறேன். எம்எல்பியும் (தொழில்முறை பேஸ்பால் லீக்) யுஎஸ்ஏ பேஸ்பாலும் (தேசிய பேஸ்பால் அமைப்பு) சேர்ந்து வெளியிட்ட பிட்ச் ஸ்மார்ட் வழிகாட்டி 15லிருந்து 18 வயதுக்காரர்களுக்கு என்ன சொல்கிறது? வருடத்தில் நான்கு மாதமாவது போட்டிப் பிட்சிங் கூடாது, அதில் இரண்டு மூன்று மாதம் தொடர்ச்சியாகத் தலைக்கு மேல் கை தூக்கி எறியவே கூடாது. நம் நியூஜெர்சி மாதிரியான அமெரிக்க வடகிழக்கு மாநிலங்களில் அந்த ஓய்வு இயல்பாக விழுவது குளிர்காலத்தில். சரியாக அந்த நேரத்தில்தான் ஜனவரி கேம்ப். மூன்று மாதம் பந்து தொடாத பையன், ரேடார் கன்னைப் பார்த்ததும் உயிரைக் கொடுத்து எறிவான். 82 வந்ததா 83 வந்ததா என்பதற்காக முழங்கை உள்பக்கத் தசைநாரைப் பணயம் வைக்கிறீர்கள். ஓய்வே கொடுக்காமல் டிசம்பர் முழுக்கத் தயார் செய்தால் அது இன்னும் மோசம். பிட்சருக்கு ஜனவரி கேம்ப் வேண்டவே வேண்டாம் என்பேன். இன்ஃபீல்டருக்கு எனக்கு அவ்வளவு ஆட்சேபம் இல்லை.

பிளானோபெஞ்ச்

மேடம் சொன்ன ஒன்றுக்காகவே இந்த இழையை மேலே பின் செய்யலாம்.

வாண்டிரசிகன்

கொஞ்சம் நம்பிக்கையாகவும் பேசுங்கப்பா. பிட்சர் குமார் ராக்கர் நம்மில் ஒருவர்தானே, தாய்வழியில் இந்திய வம்சம், வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் முதல் வருடமே 2019ல் டியூக் அணிக்கு எதிராக 19 ஸ்ட்ரைக்அவுட்டோடு நோ-ஹிட்டர் (எதிரணிக்கு ஒரு ஹிட்கூடக் கொடுக்காத ஆட்டம்). நம் பையன்களால் முடியாது என்று யார் சொன்னது?

ராலேமாமா

யாரும் சொல்லவில்லை. ஆனால் அவர் அப்பா என்எஃப்எல்லில் (தொழில்முறை அமெரிக்கன் ஃபுட்பால்) ஆடியவர், பிள்ளை ஹைஸ்கூலிலேயே நாடு முழுக்கத் தெரிந்த பிட்சர். கேம்ப் மெயிலைப் பார்த்துக் கார்டை எடுத்த குடும்பமாக இருக்காது.

படிப்புமுதல்

எடிசன் சார், பையன் நன்றாகப் படிக்கிறான் என்று முதல் பதிவிலேயே எழுதியிருக்கிறீர்கள், இத்தனை பேர் பேசியும் அதை யாரும் எடுக்கவில்லை. உங்கள் நிஜமான துருப்புச்சீட்டு அது.

டி3ல் விளையாட்டு ஸ்காலர்ஷிப்பே கிடையாது, ஐவியிலும் (ஹார்வர்ட், யேல் இருக்கும் ஐவி லீக்) கிடையாது. ஐவியில் குடும்ப வருமானத்தைப் பார்த்துத் தரும் உதவித்தொகைதான், டி3ல் பல இடங்களில் படிப்பைப் பார்த்துத் தருவதும் உண்டு. அப்புறம் எதற்கு பேஸ்பால் என்றால், அட்மிஷனில் கோச்சின் வார்த்தைக்கு எடை உண்டு. படிப்புக்குப் பேர்போன டி3 கல்லூரிகள் பலவற்றில், பையன் ஜூனியர் முடித்த ஜூலையில் கோச் அவன் மார்க்குகளை அட்மிஷன் அலுவலகத்தில் கொடுத்து முன்கூட்டியே அபிப்பிராயம் கேட்பார், ப்ரீ-ரீட் என்பார்கள். அது சாதகமாக வந்து, கோச்சும் உன்னை ஆதரிக்கிறேன் என்றால் அந்த விண்ணப்பத்தின் நிலையே வேறு. எல்லா இடத்திலும் இப்படி இல்லை, எம்ஐடியில் கோச் பரிந்துரைக்கலாம், முடிவு அவர் கையில் இல்லை.

இந்த வகைப் பையன்களுக்குத் தனிக் கல்லூரி கேம்பைவிடப் பல கல்லூரி கோச்சுகள் ஒரே இடத்துக்கு வரும் கேம்ப் லாபம். ஹெட்ஃபர்ஸ்ட் நடத்தும் ஹானர் ரோல் கேம்ப் அந்த வகை, அந்தக் கோச்சுகளே ஆட்டத்தையும் நடத்துவார்கள். கட்டணம் ஆயிரம் டாலர் பக்கம் வரும், சின்னத் தொகை இல்லை. ஆனால் நான்கு கல்லூரிக்குத் தனித்தனியாக ஃப்ளைட் போட்டுப் பாருங்கள், எது மலிவு என்று தெரியும். போவதாக இருந்தால் ஜூனியர் முடிகிற கோடையில் போங்கள், அதற்கு முன் எஸ்ஏடி மார்க் கையில் இருக்கட்டும், அந்தக் கோச்சுகள் வேகத்தைக் கேட்ட அடுத்த மூச்சில் கேட்பது அதைத்தான். வரும் கோச்சுகளின் பட்டியல் வெளியானதும் பையன் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுத வேண்டும். எழுதாமல் போனால் பேஏரியா சார் சொன்ன வட்டம் போடாத நம்பர்தான்.

கேட்சர்வீட்டம்மா

இதோடு முழுக்க ஒத்துப் போகிறேன். ஒன்று மட்டும் சேர்க்கிறேன்: வசந்த காலத்தில் பக்கத்தில் இருக்கும் டி3 ஆட்டம் ஒன்றைப் பையனோடு உட்கார்ந்து பாருங்கள், அனேகமாக டிக்கெட்டே இருக்காது. நம் பையன் இந்த ஆட்டத்தில் எந்த இடத்தில் நிற்பான் என்று அவனுக்கே தெரிந்துவிடும். அதைத் தெரிந்துகொள்ள 250 டாலர் கட்டிக் கேம்புக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

எடிசன்அப்பா

எல்லோருக்கும் நன்றி, மனைவியும் உட்கார்ந்து முழுக்கப் படித்தாள். ஜனவரியில் கூப்பிட்டிருந்த இரண்டு கேம்புக்கும் வரவில்லை என்று சொல்லிவிட்டோம், பிசியோ மேடம் எழுதியதைப் பையனிடம் காட்டியதும் அவனே சரி என்றான், கொஞ்சம் முகம் சுருங்கியது. காரில் போகக்கூடிய தூரத்தில் இருக்கும் டி3 கல்லூரிகளுக்கு அவனே எழுதப் போகிறான், பதில் போடுகிற கோச் ஜூன் மாதம் கேம்ப் வைத்தால் அதற்கு மட்டும் போகிறோம். பெரிய கேம்ப் அடுத்த வருடம் பார்த்துக் கொள்ளலாம். என் அப்பாவிடம் இலவசமாகக் கொடுக்கக்கூடாது என்ற விதியை விளக்கினேன். "நல்லா விதி போட்டிருக்கான்" என்று சொல்லிவிட்டுக் கிரிக்கெட் பார்க்கப் போய்விட்டார்.

வீடியோ எப்படி இருக்க வேண்டும் என்று யாராவது சொல்ல முடியுமா?

பேஏரியாகுளிர்

இரண்டு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். பிட்சர் என்றால் கேட்சருக்குப் பின்னாலிருந்து ஒரு கோணம், பக்கவாட்டில் ஒரு கோணம், ஒவ்வொரு வகைப் பந்திலும் நான்கைந்து, முடிந்தால் ரேடார் எண் திரையில் தெரிகிற மாதிரி. ஆட்டத்தில் நிஜ பேட்டருக்குப் போட்டது கொஞ்சம் கண்டிப்பாக இருக்கட்டும். மெதுவாக ஓட்டிக் காட்டுவது, மின்னுகிற எழுத்து, பாட்டு எதுவும் வேண்டாம். மெயில் தலைப்பிலேயே பெயர், 2028, வலதுகை பிட்சர், ஜிபிஏ, வேகம் எல்லாம் வந்துவிட வேண்டும். டிராவல் கோச்சின் போன் நம்பரை அவரைக் கேட்டுவிட்டு அடியில் போடுங்கள், நிறையப் பேர் அதை மறந்துவிடுகிறார்கள்.